சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வருமா?

எப்படி இயங்குகிறது? போர்முனை கண்ட உடலை யோகாவும் தற்காப்புக் கலையும் மறுபடி பழக்கும் விதம்

நம் வீடுகளில் தோசைக்கல்லுக்குத் தனி மரியாதை உண்டு. அதில் சப்பாத்தி போட விடமாட்டார்கள். அவசரத்துக்கு யாராவது போட்டுவிட்டால், "போச்சு, இனிமே இதுல தோசை வந்த மாதிரிதான்!" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும். மறுநாள் காலை அது பலித்தும் விடும். மாவு அதே மாவு, அடுப்பு அதே அடுப்பு. ஆனால் முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வரும்.

இரும்புக் கல்லில் தினமும் எண்ணெய் தேய்க்கிறோம். அது சூட்டில் இறுகி, மெல்லிய வழவழப்பான படலமாகப் படிகிறது. தோசை ஒட்டாமல் எழும்புவது அந்தப் படலத்தால்தான். சப்பாத்திக்கு வேண்டியது எண்ணெய் இல்லாத வறட்டுச் சூடு, அதுவும் கூடுதலான சூடு. உதிரும் மாவு கருகுகிறது, படலம் போய்விடுகிறது. கல் கெட்டுப்போகவில்லை, வேறு வேலைக்குப் பழகிவிட்டது. திரும்பப் பழக்கினால் பழையபடி தோசை வரும். ஆனால் ஒரே நாளில் வராது.

போரிலிருந்து வீடு திரும்பும் ராணுவ வீரர் பலரின் உடலும் இந்த நிலையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்கு மருந்து, மனநலச் சிகிச்சை ஆகியவற்றோடு யோகா, சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சி, பிரேசிலிய ஜியு-ஜிட்சு போன்றவையும் இன்று கைகொடுக்கின்றன. பாயை விரித்துக் கையைக் காலை நீட்டுவதும், ஒருவரோடொருவர் கட்டிப் புரளுவதும் மனக்காயத்துக்கு எப்படி மருந்தாகும்? தோசைக்கல்லை வைத்தே பார்த்துவிடலாம்.

அடுப்பைப் பற்றவைப்பது யார்?

மூளைக்குள் அமிக்டலா என்றொரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று பட்டதும் அடுப்பைப் பற்றவைப்பது அதுதான். ஒரு வெடிச்சத்தம் கேட்கிறது. அமிக்டலாவிலிருந்து ஹைப்போதலாமஸ் வழியாக, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குத் தகவல் போகிறது. அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கை கால் தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது, செரிமானம் ஒதுங்கி நிற்கிறது. "அது பட்டாசுப்பா, குண்டு இல்லை" என்று யோசித்துச் சொல்லும் நெற்றிப்பக்க மூளை பேச ஆரம்பிப்பதற்குள் கல் காய்ந்துவிட்டிருக்கும்.

சாதாரண நாளில் இதனால் கெடுதல் இல்லை. நெற்றிப்பக்க மூளை நிலைமையைப் புரிந்துகொண்டு தணலைக் குறைக்கும். மூளையடியிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். சிறிது நேரத்தில் கல் ஆறிவிடும்.

போர்முனையில் கதை வேறு. ஈராக்கில் சாலையோரக் குப்பைக்குள்ளும் செத்துக்கிடக்கும் விலங்கின் உடலுக்குள்ளும் குண்டு வைத்திருப்பார்கள். கண்ட மாத்திரத்தில் வண்டியை விலக்கியவர் பிழைத்தார், யோசித்தவர் பிழைக்கவில்லை. மாதக்கணக்கில் அப்படி வாழ்ந்த உடல் அடுப்பை அணைக்காமலே வைத்திருக்கப் பழகிவிடும். அங்கே அதுதான் சரியான பதம். சப்பாத்திக்கான சூடு அது.

அவர் ஊர் திரும்புகிறார். சீருடையை மடித்து வைத்தாயிற்று. ஆனால் நெடுஞ்சாலையில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தால் கை தானாக ஸ்டீயரிங்கை ஒடிக்கிறது. உணவகத்தில் சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்த நாற்காலியைத்தான் தேடுகிறார். ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினம். ஊரே வாணவேடிக்கையில் திளைக்கும்போது, "இங்கே போர்வீரர் ஒருவர் வசிக்கிறார், வெடி வெடிக்கும்போது கொஞ்சம் கவனம்" என்று பலகை வைத்த வீடுகள் அங்கே உண்டு.

முதல் உலகப் போர்க் காலத்தில் இதற்கு 'ஷெல் ஷாக்' என்று பெயர். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் நிலையைப் பார்த்த பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) என்ற பெயரோடு இதைச் சேர்த்தது. அறிகுறிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். நடந்தது கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வருவது ஒன்று. அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது இரண்டாவது. குற்றவுணர்வு, யாரோடும் ஒட்டாமை என மனநிலை மாறிப்போவது மூன்றாவது. தூக்கமின்மை, சட்டெனப் பொங்கும் கோபம், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது நான்காவது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய் என்று சொல்வார்கள். அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் கணக்குப்படி, முன்னாள் வீரர்களில் 100-க்கு ஏறத்தாழ 7 பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதற்கு ஆளாகிறார்கள்.

காய்ந்த கல், ஆறிய கல், பதமான கல்

தோசை வார்க்கும் முன் கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்போம். துளிகள் முத்து முத்தாக உருண்டோடினால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. மாவை ஊற்றினால் பரவாமல் கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். துளிகள் சும்மா கிடந்தால் கல் இன்னும் காயவில்லை. ஊற்றிய மாவு வெளுத்துப்போய் ஒட்டிக்கொள்ளும். 'சொய்ங்' என்று பொரிந்து அடங்கினால்தான் பதம்.

பி.டி.எஸ்.டி. உள்ளவரின் உடல் முதல் இரண்டு நிலைகளுக்கும் இடையே அல்லாடும். காய்ந்த நிலையில் கோபம், பதற்றம், தூக்கமில்லாத இரவு. ஆறிய நிலையில் மரத்துப்போதல். மகள் மடியில் வந்து உட்கார்ந்தாலும் உள்ளே ஒன்றும் அசையாது. இரண்டுக்கும் நடுவே, உணர்வுகள் எழுந்தாலும் தாங்கி யோசிக்கக்கூடிய ஒரு பரப்பு இருக்கிறது. மனநல மருத்துவர் டேனியல் சீகல் 1999-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'தாங்கும் எல்லை' எனலாம். எல்லாருக்கும் அது உண்டு. மனக்காயம் பட்டவருக்கு அது குறுகிப்போகிறது.

இந்த நோய்க்கு நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் பேச்சுவழிச் சிகிச்சைகளே. நடந்ததைப் பற்றி மனதில் ஊறிப்போன எண்ணங்களை ஆராய்ந்து திருத்துவது ஒரு முறை. அஞ்சி ஒதுக்கிய நினைவையும் இடத்தையும் படிப்படியாக நெருங்கிப் பழகுவது இன்னொன்று. இரண்டிலும் நோயாளி அந்த நினைவைத் தொட்டே ஆகவேண்டும். மாவு எவ்வளவு நல்ல மாவானாலும் கல் பதமாக இருந்தால்தானே பரவும்? அமெரிக்க முன்னாள் வீரர்கள் 916 பேரிடம் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஆய்வில், முதல் முறையில் 46.6 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 55.8 விழுக்காட்டினரும் சிகிச்சையைப் பாதியில் விட்டிருந்தார்கள். வேலை, தொலைவு, குடும்பம் என்று காரணங்கள் பல இருக்கும். நினைவைத் தொட்டதும் உடல் கொதித்துப்போவதும் அவற்றில் ஒன்று.

யோகாவுக்கும் தற்காப்புக் கலைக்கும் உரிய இடம் இதுதான். அவை மாவு அல்ல. கல்லைப் பதத்துக்குக் கொண்டுவரும் வேலை அவற்றுடையது.

தண்ணீர் தெளிப்பது: மூச்சு

கல் அதிகம் காய்ந்துவிட்டால் என்ன செய்வோம்? கல்லைத் திட்டிப் பயனில்லை. ஒரு கை தண்ணீர் தெளித்துத் துடைத்து எடுப்போம். "பயப்படாதே" என்று சொல்லி அமிக்டலாவைப் பணியவைக்க முடியாது. இதயத்துடிப்பையும் நேரடியாக அதட்டிக் குறைக்க முடியாது. ஆனால் தானாகவும் நடந்து, நாம் நினைத்தாலும் மாறுகிற ஒரு செயல் உடம்பில் இருக்கிறது. அது மூச்சு.

நாடியில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்றே விரையும், வெளியே விடும்போது தளரும். மூச்சை வெளிவிடும் நேரத்தில் வேகஸ் நரம்பின் பிடி இதயத்தின் மேல் கூடுகிறது. அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறார்கள். நிமிடத்துக்குப் 12 முதல் 20 முறை மூச்சு விடும் நாம், அதை 6 முறை அளவுக்குக் குறைத்தால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு நீண்ட வெளிமூச்சும் ஒரு கைத் தண்ணீர்.

இதைப் போர்வீரர்களிடமே சோதித்திருக்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய 21 முன்னாள் வீரர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு ஏழு நாள் சுதர்சன கிரியா மூச்சுப் பயிற்சி அளித்தார்கள். பெங்களூரு வாழும் கலை அமைப்பு வழியே நம் ஊர்களில் பலருக்கும் தெரிந்த பயிற்சி இது. 2014-இல் வெளியான முடிவில், பயிற்சி பெற்றவர்களிடம் பதற்றமும் நோயின் அறிகுறிகளும் குறைந்திருந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் தெரிந்தது. ஆள் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் 2022-இல் பாலோ ஆல்ட்டோ முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஆய்வாளர்கள் 85 பேரை வைத்து, இதே மூச்சுப் பயிற்சியை எண்ணங்களைத் திருத்தும் பேச்சுச் சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். அறிகுறிப் பட்டியலை வைத்து அளந்ததில், சிகிச்சை முடிந்த நேரத்தில் மூச்சுப் பயிற்சி அதற்குப் பின்தங்கியிருக்கவில்லை.

சூடு பார்க்கும் கை: ஆசனம்

அனுபவப்பட்டவர்கள் தண்ணீர்கூடத் தெளிப்பதில்லை. கல்லுக்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள். பி.டி.எஸ்.டி.யில் அந்தக் கை மரத்துப்போகிறது. தோள் காது வரை ஏறியிருக்கும், தாடை இறுகியிருக்கும், மூச்சு பாதியில் நிற்கும், அவருக்கே தெரியாது. தெரியவரும்போது கல் புகைந்துகொண்டிருக்கும், வீட்டில் சண்டை மூண்டிருக்கும். உடம்பின் உட்செய்திகளைப் படிக்கும் இந்தத் திறனுக்கு மூளையில் இன்சுலா என்ற பகுதி முக்கியம். ஆசனப் பயிற்சி அந்தத் திறனைத்தான் பழக்குகிறது. வளைவது இரண்டாம்பட்சம்.

அப்படிப்பட்ட வகுப்பு நம் தெருமுனை யோகா வகுப்பைப் போல இருக்காது. அறையில் வெளிச்சம் இருக்கும். எந்தப் பாயில் இருந்தாலும் வாசல் கண்ணில் படும். ஆசிரியர் யாருக்கும் பின்னால் நடமாடமாட்டார். இடம் மாறவேண்டுமானால் சொல்லிவிட்டு மாறுவார். யாரையும் தொட்டுத் திருத்தமாட்டார். கட்டிவைக்கப்பட்டதை நினைவூட்டும் என்பதால் ஆசனத்துக்கு உதவும் பட்டைகளும் கிடையாது. முன்னால் குனியும் ஆசனம் என்றால் "குனியுங்கள்" என்று ஆணை வராது. "விருப்பமிருந்தால் குனியலாம், கொஞ்சமாகவும் குனியலாம். தொடையின் பின்பக்கம் ஏதாவது தெரிகிறதா, பாருங்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை" என்பார். கண்ணை மூடலாம், தரையைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். எந்த நேரத்திலும் எழுந்து போகலாம்.

ஆண்டுக்கணக்கில் ஆணைக்குக் கட்டுப்பட்ட உடம்புக்கு, தன் விருப்பப்படி நிறுத்தவும் தொடரவும் கற்றுக்கொடுப்பதே பாதி சிகிச்சை. மனக்காயம் பட்ட தருணத்தில் இல்லாமல் போனதும் அந்த விருப்பம்தான்.

இந்த முறையை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டேவிட் எமர்சனும் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க்கும் வளர்த்தெடுத்தார்கள். 2014-இல் வான் டெர் கோல்க் குழு வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு எளிதில் மசியாத பி.டி.எஸ்.டி. கொண்ட 64 பெண்கள் கலந்துகொண்டார்கள். வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம். யோகா குழுவில் 31 பேரில் 16 பேருக்கு நோய் என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லாமல் போயின. உடல்நலப் பாடம் கேட்ட குழுவில் 29 பேரில் 6 பேருக்கே அப்படி நடந்தது. இவர்கள் ராணுவத்தினர் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். போர்வீரர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் கை மரத்துப்போவது இருவருக்கும் பொது.

படுத்துக்கொண்டு செய்யும் யோக நித்திரையும் ராணுவத்துக்குள் போயிருக்கிறது. உளவியலாளர் ரிச்சர்ட் மில்லர் அதை ஒட்டி வகுத்த பயிற்சியை, 2006-இல் வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் வீரர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள்.

எண்ணெய்ப் படலம்: மல்லுக்கட்டு

ஆற்றுவது சரி. ஆனால் தோசைக்கல் சூடாகாமலே இருந்தால் தோசை ஏது? வாழ்க்கையில் நெஞ்சு படபடக்கும் தருணங்கள் வரத்தான் செய்யும். காயவேண்டிய நேரத்தில் காய்ந்து, ஆறவேண்டிய நேரத்தில் ஆற உடம்பு பழகவேண்டும். கல்லைப் பழக்குவதும் இதே வழிதான்: மெல்லியதாக எண்ணெய் தடவி, காயவைத்து, ஆறவிட்டு, மறுபடி தடவி. ஒரேயடியாகக் கெட்டியாக ஊற்றினால் பிசுபிசுவென்று ஒட்டும்.

தற்காப்புக் கலை கைகொடுக்கும் இடம் இது. அமெரிக்க முன்னாள் வீரர்களிடையே பிரேசிலிய ஜியு-ஜிட்சுவுக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மாயேடா 1914-இல் பிரேசிலுக்குக் கொண்டுபோனதை, கிரேசி குடும்பத்தார் தரையில் படுத்தபடி மல்லுக்கட்டும் கலையாக வளர்த்தார்கள். குத்து, உதை கிடையாது; பிடி, பூட்டு, நெரிப்பு மட்டுமே. 1990-களில் அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் படை தன் கைச்சண்டைப் பயிற்சியை இதன் அடிப்படையில் மாற்றி அமைத்தது. ஆகவே பலருக்கும் இது ஏற்கெனவே கைவந்த வித்தை. ஊரில் உள்ள பயிற்சிக்கூடத்தில் அதே வித்தை வேறு விதிகளோடு வருகிறது.

ஒரு நொடியை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். புதிதாக வந்தவர் மல்லாந்து கிடக்கிறார். எண்பது கிலோ ஆள் ஒருவர் அவர் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். மூச்சு முட்டுகிறது, முகத்துக்கு நேரே வேர்வை ஊறிய முரட்டுத் துணி. அமிக்டலா அடுப்பை முழுவதுமாகத் திறந்துவிடுகிறது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரு கைகளையும் நீட்டித் தள்ளுகிறார். அது தவறு, நீட்டிய கை எதிராளிக்குக் கொடுத்த கை. பயிற்சியாளர் ஓரத்திலிருந்து சொல்கிறார்: "முழங்கையை உடம்போடு ஒட்டி வை. மூச்சை விடு. அவர் கையைப் பிடி, அவர் காலை உன் காலால் மடக்கு. இப்போது இடுப்பை எக்கிப் புரட்டு." புரட்ட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டவேண்டும். தட்டிய கணமே பிடி விடுபடும். ஏன், எதற்கு என்ற கேள்வி இல்லை. இருவரும் கையைத் தொட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்கள்.

இதில் உடம்பு கற்றுக்கொள்ளும் பாடங்கள் மூன்று. நெஞ்சு எகிறிக் குதித்தாலே சாவு வந்துவிட்டது என்று பொருளில்லை என்பது முதலாவது. அழுத்தத்தின் நடுவிலும் மூச்சை வெளியே விட்டால் யோசிக்கும் மூளை திரும்பி வரும் என்பது அடுத்தது. ஆபத்தை நிறுத்தும் உரிமை தன் கையில் இருக்கிறது என்பது கடைசி, முக்கியமானதும் அதுவே. ஐந்தாறு நிமிடம் கட்டிப் புரண்டபின் சுவரோரம் உட்கார்ந்து இளைப்பாறுகிறார். கல் காய்ந்தது, ஆறியது. ஒரு பூச்சு எண்ணெய் ஏறியது. பயம் அழிந்துபோவதில்லை, அதன் மேல் புதிய பழக்கம் படிகிறது. அஞ்சியதை நெருங்கிப் பழகும் பேச்சுச் சிகிச்சையும் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. படையை விட்டு வந்தவர் ஒரே நாளில் தன் கூட்டத்தையும் தரவரிசையையும் இழக்கிறார். பயிற்சிக்கூடம் இரண்டையும் ஓரளவு திருப்பித் தருகிறது. வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று பட்டைகள். வராவிட்டால் "எங்கே ஆளைக் காணோம்?" என்று கேட்கும் நாலு பேர். 2004-இல் ஈராக்கில் குண்டுவெடிப்பில் இரு கால்களையும் ஒரு கையையும் இழந்த ஜோயி போசிக் இந்தக் கலையைக் கற்றுத் தேர்ந்தவர். அவரும் இணைந்து தொடங்கிய 'வீ டிஃபை' அறக்கட்டளை, உடல் ஊனமும் மனக்காயமும் அடைந்த முன்னாள் வீரர்கள் ஜியு-ஜிட்சு பயில உதவித்தொகை தருகிறது. கட்டிப் புரள உடம்பு இடம் தராதவர்களுக்குத் தாய்ச்சி இருக்கிறது. நின்ற இடத்தில், மெதுவாக, மூச்சோடு சேர்த்துச் செய்யலாம்.

தோசை வந்ததா? ஆய்வுகள் சொல்வது

ஜியு-ஜிட்சு பற்றி அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஃபுளோரிடாவில் தாம்பா நகரிலுள்ள தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2019-இல் ராணுவ மருத்துவ இதழில் வெளிவந்தது. சில மாதப் பயிற்சிக்குப் பின் பங்கேற்றவர்களிடம் பி.டி.எஸ்.டி. அறிகுறிகள், மனச்சோர்வு, குடி எல்லாம் குறைந்தன. ஆனால் ஆட்கள் குறைவு, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. தானே விரும்பி வந்தவர்கள் குணமடைந்தால் அதில் கலையின் பங்கு எவ்வளவு, விருப்பத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாம், நிரூபணம் என்று சொல்ல முடியாது.

யோகாவுக்குச் சான்று கொஞ்சம் கூடுதல். 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 209 பேர். பெரும்பாலோர் முன்னாள் வீரர்கள். 16 வாரம் யோகா செய்தவர்கள், நல்வாழ்வு வகுப்புக்குப் போனவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள். ஆனால் ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. பரணில் ஏற்றிய கல் துருப்பிடிப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பயிற்சி பதினாறு வாரத்தோடு முடிகிற சமாசாரம் அல்ல.

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2017-இல் யோகா, தாய்ச்சி உள்ளிட்ட எட்டு முறைகளைத் தன் மருத்துவப் பயன்களின் பட்டியலில் சேர்த்தது. அதே நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி முதலிடம் தருவது மனக்காயத்தை நேரடியாகக் கையாளும் தனிநபர்ப் பேச்சுச் சிகிச்சைகளுக்கு. மருந்துகளில் செர்ட்ரலின், பராக்ஸெடின், வென்லஃபாக்ஸின் மூன்றையும் பரிந்துரைக்கிறது. யோகாவுக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்ல இன்னும் போதிய சான்று இல்லை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரியும்: துணையாக வைத்துக்கொள், சிகிச்சையின் இடத்தில் வைக்காதே.

கல்லைக் கெடுப்பவை

வகுப்பு தவறாக அமைந்தால் நன்மைக்குப் பதில் தீமை நேரும். இருட்டறையில் கண்ணை மூடி அசையாமல் கிடக்கச் சொன்னால் சிலருக்கு அந்த நிசப்தத்திலேயே பழைய காட்சி வந்து நிற்கும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுகளும், மூச்சை நெடுநேரம் அடக்குவதும் பீதியைக் கிளப்பிவிடலாம். ஆற்றவேண்டிய கல்லின் அடியில் தணலை ஏற்றுவது போலாகும். சுதர்சன கிரியாவிலும் வேகமான மூச்சுகள் உண்டு என்பதால் அதைத் தேர்ந்த ஆசிரியர் இல்லாமல், வீடியோ பார்த்துச் செய்யக்கூடாது. முன்னறிவிப்பில்லாமல் பின்னாலிருந்து தோளைத் தொடும் ஆசிரியர், எவ்வளவு நல்லெண்ணத்தோடு தொட்டாலும், கெடுத்துவிடுவார்.

தற்காப்புக் கலையில் முதல் கவலை தலை. குண்டுவெடிப்பைக் கடந்து வந்த வீரர்கள் பலருக்கு மூளையில் அதிர்ச்சிக் காயமும் இருக்கும். அவர்கள் தலையில் குத்து விழும் பயிற்சிகளுக்குப் போகவே கூடாது. மல்லுக்கட்டு என்றாலும் மருத்துவர் சரி என்ற பிறகே. தட்டிய பின்னும் பிடியை விடாத, "ஆம்பிளையா இரு" என்று உசுப்பேற்றுகிற கூடத்தில் கால் வைக்கவேண்டாம். பயிற்சி நன்றாகப் போகிறதே என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசம்.

நம் ஊர் வாசகருக்கு

இந்த ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தவை. ஆனால் எல்லையிலும் பனிமலையிலும் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் தூக்கமில்லாமல், திடுக்கிட்டுக்கொண்டு, யாரோடும் ஒட்டாமல், குடியில் முங்கிக்கிடந்தால் அதைக் குணக்கேடு என்று ஒதுக்காதீர்கள். முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் வழியாக மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநலச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் டெலி மானஸின் தனிப் பிரிவே தொடங்கப்பட்டது.

யோகாவோ சிலம்பமோ தாய்ச்சியோ, எந்த வகுப்பில் சேர்வதானாலும் ஆசிரியரிடம் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். தொடும் முன் அனுமதி கேட்பீர்களா? நடுவில் எழுந்து போனால் ஒன்றும் சொல்லமாட்டீர்களே? இவர் ஒரு மருத்துவரிடம் சிகிச்சை பெறுகிறார், அவர் சொல்வதை மதிப்பீர்களா? மூன்றுக்கும் தயங்காமல் ஆம் என்பவரிடம் சேர்த்துவிடுங்கள். முதலில் மருத்துவர், கூடவே பயிற்சி. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.